கதிர்ச்சிகிச்சைக்கு முன் காந்தப் பரிவுப் படிமம்: மீண்டெழும் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய் பற்றிய ஒரு விளக்கம்

சத்திரசிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. நோயாளிக்கு வலியில்லை, உணவிலும் உறக்கத்திலும் குறையில்லை, தொழிலுக்கும் ஒழுங்காகச் சென்று வருகின்றார். ஆயினும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்யப்படும் குருதிப் பரிசோதனையில், இதுவரை அளவிட முடியாதிருந்த ஒரு புரதத்தின் அளவு முதலில் 0.1 என்றும், பின்னர் 0.2 என்றும், அதன்பின் 0.3 என்றும் ஏறுகின்றது. அகற்றப்பட்ட சுரப்பியிலிருந்த புற்றுநோய் உடலில் எங்கோ எஞ்சி நின்று மீண்டும் வளரத் தொடங்கிவிட்டது என்பதே இவ்வெண்களின் பொருளாகும். எவ்விடத்தில் என்பதை அவை கூறுவதில்லை. கதிர்ச்சிகிச்சை தொடங்குவதற்கு முன் நோயின் இருப்பிடத்தை அறிவதற்காகக் காந்தப் பரிவுப் படிமம் எடுக்கப்படுகின்றது. படிமத்தில் ஒன்றும் தென்படவில்லை. இந்நிலையில் நோயாளி மகிழ்வதா, அஞ்சுவதா? வைத்தியர் காத்திருப்பதா, கதிர்களைச் செலுத்துவதா?

இந்த இக்கட்டு எந்த நாட்டிலும், எந்தப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் நேரக்கூடியதாகும். எம். ஆர். ஐ. எனப் பொதுவழக்கில் அறியப்படும் காந்தப் பரிவுப் படிமம் எதைக் காட்டும், எதைக் காட்டாது, அதன் முடிவை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பவற்றை, மருத்துவத் துறை சாராத வாசகர்களும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரப்பியும் சத்திரசிகிச்சையும்

ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நேர்குடலுக்கு முன்னே, சிறுநீர்வழியைச் சூழ்ந்து அமைந்திருப்பது முன்னிற்குஞ் சுரப்பியாகும். புரோஸ்டேற் என்னும் பெயரே பேச்சு வழக்கில் மிகுதி. வளர்ந்த இளைஞனில் இதன் நிறை ஏறத்தாழ 20 கிராம். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் தொழில். முதுமையில் இச்சுரப்பியிற் புற்றுநோய் தோன்றுவது உலகெங்கும் பரவலாகக் காணப்படும் ஒன்றாகும்.

நோய் சுரப்பியின் எல்லைக்குள் அடங்கியிருக்கும்போது சுரப்பியை முழுமையாக அகற்றிவிடலாம். இதற்கான சத்திரசிகிச்சையை 1904 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்பவர் மேற்கொண்டு வளர்த்தெடுத்தார். சுரப்பியை ஒட்டிச் செல்லும் நுண்ணிய நரம்புகளைக் காத்துக்கொண்டே அதனை அகற்றும் முறையை 1982 ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த பற்றிக் வோல்ஷ் கையாண்டார். இதனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் இழக்கும் அபாயம் குறைந்தது, சத்திரசிகிச்சை பெருவழக்காயிற்று.

சுரப்பியை அகற்றியபின் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைக் கீழிறக்கிச் சிறுநீர்வழியுடன் தைத்து இணைத்துவிடுவர். இவ்விணைப்பிடத்தை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். சுரப்பி இருந்த இடத்தில் நோய் மீண்டும் தலைகாட்டுமாயின், அது பெரும்பாலும் இவ்விணைப்பிடத்தைச் சுற்றியே தோன்றுகின்றது. சிறுநீர்ப்பைக்குப் பின்புறமும், விந்துப் பைகளின் எச்சங்கள் நின்றுவிட்ட இடமும் அதற்கடுத்த நிலையில் உள்ளவை. சுரப்பி இருந்த இப்பகுதி முழுவதையும் இக்கட்டுரையிற் சுரப்பித் தளம் என வழங்குவோம்.

குருதி தரும் முன்னறிவிப்பு

மேலே குறிப்பிட்ட புரதம் பி. எஸ். ஏ. என்னும் எழுத்துச் சுருக்கத்தால் அறியப்படுகின்றது. முன்னிற்குஞ் சுரப்பியின் கலங்கள் சுரக்கும் ஒரு நொதியமே இது. விந்தை நீர்மமாக்குவது இதன் இயல்பான தொழில்; சிறிதளவு குருதியிலும் கசிகின்றது. 1979 ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலுள்ள றோஸ்வெல் பார்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதனைச் சுரப்பியின் இழையத்திலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். நோயாளரைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கு இப்பரிசோதனையைப் பயன்படுத்த 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

நோயற்றவரிடையே நோயைத் தேடுவதற்கு இப்பரிசோதனையைப் பயன்படுத்துவது பற்றிக் கருத்து வேறுபாடுகள் பலவுள. சுரப்பி சாதாரணமாகப் பருத்தாலும், அதில் அழற்சி ஏற்பட்டாலும் இப்புரதம் கூடும் என்பதே காரணம். ஆனால் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டபின் நிலைமை வேறு. குருதியிலுள்ள பி. எஸ். ஏ. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, சில வாரங்களில் அளவிட முடியாத நிலையை அடைதல் வேண்டும். அதன்பின் அது மீண்டும் தோன்றுமாயின், அதனைச் சுரக்கும் கலங்கள் எங்கோ உயிரோடிருக்கின்றன என்பது பெரும்பாலும் உறுதி. மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராம் என்னும் அளவை எட்டி, மறு பரிசோதனையிலும் அது உறுதிப்படுமாயின், நோய் மீண்டுள்ளது எனக் கொள்வது பரவலான மரபு. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் ஆயிரம் மில்லியனில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய அளவையும் காட்டவல்ல வேறொரு பரிசோதனை புற்றுநோய் மருத்துவத்தில் அரிது.

இவ்வெண் ஏறுவதாலேயே உயிருக்கு உடனடியாக ஆபத்து என்று கருதிவிடலாகாது. யோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் சத்திரசிகிச்சை பெற்ற 1997 ஆண்களை ஆராய்ந்து 1999 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை இதனை நன்கு விளக்குகின்றது. அவர்களுள் 315 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 16 சதவீதத்தினருக்கு, பி. எஸ். ஏ. மீண்டும் ஏறிற்று. ஏறத் தொடங்கிய காலத்திலிருந்து எலும்பு முதலிய உறுப்புகளில் நோய் வெளிப்படும் வரை சென்ற இடைநிலைக் காலம் 8 ஆண்டுகள். அதன்பின் இறப்பு வரை மேலும் 5 ஆண்டுகள். சிலரில் நோய் விரைந்து பரவுகின்றது; வேறு சிலரில் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கின்றது. பி. எஸ். ஏ. இரட்டிப்பதற்கு எடுக்கும் காலம், அகற்றிய சுரப்பியின் கலங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டபோது அவை காட்டிய கொடுந்தன்மை, சத்திரசிகிச்சைக்கும் மீட்சிக்கும் இடைப்பட்ட காலம் ஆகியவற்றைக் கொண்டு இவ்விரு திறத்தாரையும் வைத்தியர் ஓரளவு பிரித்தறிவர்.

காலமும் இடமும்

எஞ்சிய நோய் சுரப்பித் தளத்தில் மட்டுமே இருக்குமாயின், அதனைக் கதிர்களால் அழித்து நோயாளியை முற்றாகக் குணப்படுத்த இன்னும் வாய்ப்புண்டு. சத்திரசிகிச்சையாற் கைகூடாததை மீட்டுத் தருவதால் இதனை மீட்புக் கதிர்ச்சிகிச்சை எனலாம். நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 33 தடவைகளில் 66 கிரே, அல்லது 20 தடவைகளில் 52.5 கிரே என்பன வழக்கிலுள்ள அளவுகளுட் சில. கிரே என்பது இழையம் உறிஞ்சும் கதிர்ச்சக்தியின் அலகாகும்.

இச்சிகிச்சையின் வெற்றி காலத்தைப் பொறுத்தது. வட அமெரிக்காவில் மீட்புக் கதிர்ச்சிகிச்சை பெற்ற 1540 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, 6 ஆண்டுகளின் பின்னும் நோய் முன்னேறாதிருந்தோர் மொத்தத்தில் 32 சதவீதத்தினர். ஆனால் பி. எஸ். ஏ. 0.5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தபோதே கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் இவ்வீதம் 48 ஆக இருந்தது. தாமதத்துக்கு விலையுண்டு என்பது இதனாற் பெறப்படுகின்றது.

அவ்வாறாயின், பி. எஸ். ஏ. ஏறும்வரை ஏன் காத்திருத்தல் வேண்டும்? சத்திரசிகிச்சை முடிந்த கையோடு எல்லோருக்கும் கதிர்களை அளித்துவிட்டால் என்ன? இவ்வினா பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டது. பிரித்தானியா, கனடா, டென்மார்க், அயர்லாந்து ஆகிய நாடுகளில் 1396 நோயாளரை எழுமாற்றாக இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தன. உடனடியாகக் கதிர்ச்சிகிச்சை பெற்றோரில் 5 ஆண்டுகளின் பின் 85 சதவீதத்தினரும், கண்காணிக்கப்பட்டு வேண்டியபோது மட்டும் பெற்றோரில் 88 சதவீதத்தினரும் நோய் முன்னேறாதிருந்தனர், இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. கண்காணிக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கே 8 ஆண்டுகளுள் கதிர்ச்சிகிச்சை தேவைப்பட்டது. ஏனையோர் அதன் துன்பங்களிலிருந்து தப்பினர். அத்துன்பங்கள் சிறியனவல்ல. சுரப்பித் தளம் சிறுநீர்ப்பைக்கும் நேர்குடலுக்கும் இடையில் நெருங்கிக் கிடப்பதால், கதிர்கள் இவ்விரண்டையும் ஓரளவு தாக்கியே தீரும். சிறுநீர் அடக்க முடியாமை, சிறுநீர்வழி ஒடுங்குதல், மலத்துடன் குருதி போதல் ஆகியன ஏற்படலாம்.

ஆகவே இன்றைய கொள்கை இதுதான்: எல்லோரையும் கண்காணித்தல், பி. எஸ். ஏ. ஏறத் தொடங்கியோருக்குத் தாமதமின்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தல். காலம் பற்றிய வினாவுக்கு இது விடை. இடம் பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. நீண்ட காலமாக வைத்தியர்கள் நோயைக் காணாமலே, அது பெரும்பாலும் எங்கிருக்கக்கூடும் என்னும் அனுபவ அறிவைக் கொண்டு, சுரப்பித் தளம் முழுவதற்கும் ஒரே அளவிற் கதிர்களைச் செலுத்தி வந்தனர். காந்தப் பரிவுப் படிமம் வேண்டப்படுவது இக்கட்டத்திலேயே.

காந்தப் பரிவின் தத்துவம்

மனித உடலின் பெரும்பகுதி நீரும் கொழுப்புமாகும். இரண்டிலும் ஐதரசன் அணுக்கள் நிறைந்துள்ளன. ஐதரசனின் கருவாகிய புரோத்தன் ஒரு நுண்ணிய காந்தத்தைப் போன்று செயற்படுகின்றது. வலிமை மிக்க காந்தப் புலமொன்றில் உடலை வைத்தால், இந்நுண்காந்தங்களுள் ஒரு சிறு பகுதி மிகையாகப் புலத்தின் திசையில் ஒழுங்குபடுகின்றது. மருத்துவமனைகளிலுள்ள பொறிகளின் புலவலிமை பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெஸ்லா ஆகும். 1.5 தெஸ்லா என்பது புவியின் காந்தப் புலத்தினும் ஏறத்தாழ 30,000 மடங்கு. அப்புலத்திற் புரோத்தன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 64 மில்லியன் தடவை தலைசுற்றுகின்றன. அதே மீடிறனையுடைய வானொலி அலையைச் செலுத்தினால் அவை சக்தியை உறிஞ்சி நிலைமாறுகின்றன. அலையை நிறுத்தியதும் தம் பழைய நிலைக்கு மீள்கையில் மெல்லிய சைகையொன்றை வெளியிடுகின்றன. ஊஞ்சலை அதன் அசைவுக்கு இயையத் தள்ளும்போது வீச்சு மிகுவதைப் போன்ற இந்நிகழ்ச்சியே பரிவு எனப்படுகின்றது.

இத்தோற்றப்பாட்டைத் திண்மத்திலும் திரவத்திலும் 1946 ஆம் ஆண்டில் பீலிக்ஸ் புளொக், எட்வேட் பேர்செல் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்தனர். 1952 ஆம் ஆண்டு நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. புற்றுநோய் இழையத்திலுள்ள புரோத்தன்கள் பழைய நிலைக்கு மீள எடுக்கும் காலம், நலமுள்ள இழையத்தினின்றும் வேறுபடுகின்றது என்பதை 1971 ஆம் ஆண்டில் றேமண்ட் டமேடியன் எலிகளின் இழையங்களிற் காட்டினார். புலவலிமையை இடத்துக்கு இடம் சிறிது மாற்றுவதன் மூலம், சைகை எவ்விடத்திலிருந்து வருகின்றது என்பதை அறிந்து படமாக்கலாம் என்பதை 1973 ஆம் ஆண்டில் போல் லோட்டர்பர் நிறுவினார். பிரித்தானியாவின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் மான்ஸ்பீல்ட் இம்முறையை விரைவுபடுத்தினார். பின்னவர் இருவரும் 2003 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இப்பொறி எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. சீ. ரீ. படம் எக்ஸ் கதிர்களால் ஆவது. எலும்பைத் தெளிவாகக் காட்டும். ஆனால் இடுப்பினுள்ளே அடுத்தடுத்துக் கிடக்கும் மென்மையான இழையங்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்துக் காட்டுவதில் வலிமை குன்றியது. அவ்வேறுபாட்டைக் காட்டுவதே காந்தப் பரிவின் தனிச்சிறப்பாகும்.

படிமம் காட்டுவன

மீண்டெழும் நோயைத் தேடும்போது ஒரே அமர்வில் மூவகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன. முதலாவது, இழையங்களின் நீர்த்தன்மையை வேறுபடுத்திக் காட்டுவது. சத்திரசிகிச்சையின் தழும்பு இதில் இருண்டு தோன்றும். மீண்டெழும் கட்டியோ சற்று வெளிறிய முடிச்சாகத் தெரியும். இரண்டாவது, நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டுவது. புற்றுநோயிற் கலங்கள் நெருங்கிச் செறிந்திருப்பதால் நீரின் நடமாட்டம் தடைப்படுகின்றது. அவ்விடம் தனித்துத் துலங்கும். மூன்றாவது, கடோலினியம் கலந்த மருந்தொன்றை நாளத்தினுட் செலுத்தி, அது பரவும் வேகத்தைத் தொடர்ச்சியான படங்களாக எடுப்பது. கட்டிகள் தமக்கெனப் புதிய குருதிக் குழாய்களை உண்டாக்கிக்கொள்வதால், மருந்து அங்கு விரைந்து புகுகின்றது. தழும்பிற் பிந்தியே புகும்.

சத்திரசிகிச்சையின்போது பொருத்தப்பட்ட உலோகக் கவ்விகள் இரண்டாவது வகைப் படத்தைத் திரிபடையச் செய்வதால், சுரப்பி அகற்றப்பட்டவர்களில் மூன்றாவது வகையே பெரிதும் நம்பப்படுகின்றது. இப்படங்களைப் பார்ப்போர் ஆளுக்கொரு வகையாகப் பொருள்கொள்வதைத் தவிர்க்கும் பொருட்டு, 1 முதல் 5 வரையான புள்ளிகளைக் கொண்ட பொதுவான அளவுமுறையொன்றைப் பன்னாட்டு நிபுணர்கள் 2021 ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டனர். 1 என்பது நோய் இருப்பது மிக அரிது என்பதையும், 5 என்பது இருப்பது பெரும்பாலும் உறுதி என்பதையும் குறிக்கும்.

முடிச்சொன்று தெளிவாகத் தெரியுமாயின் அதனால் விளையும் பயன்கள் மூன்று. நோய் சுரப்பித் தளத்திலேயே உள்ளது என்பதற்குச் சான்று கிடைப்பது முதற்பயன். கதிர் செல்லவேண்டிய எல்லையைச் சரியாக வரைந்துகொள்ள முடிவது இரண்டாவது. வழமையான எல்லைக்கு வெளியே ஒரு முடிச்சு நிற்குமாயின், படிமம் இன்றேல் கதிர் அதனைத் தவறவிட்டுவிடும். மூன்றாவது, முடிச்சுக்கு மட்டும் கூடுதலான அளவைச் செலுத்தும் வாய்ப்பு.

இம்மூன்றாவது பயன் சற்று விரித்துரைக்கத்தக்கது. சுரப்பித் தளம் முழுவதற்குமான அளவைக் கூட்டினால் நன்மை மிகுமா என்பதைச் சுவிற்சர்லாந்துப் புற்றுநோய் ஆய்வுக் குழுவொன்று 350 நோயாளரிடம் சோதித்து, 2021 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. 64 கிரே பெற்றோருக்கும் 70 கிரே பெற்றோருக்கும் இடையே நோய்க்கட்டுப்பாட்டில் வேறுபாடு தோன்றவில்லை. குடல் சார்ந்த துன்பங்களே மிகுந்தன. எங்கும் ஒரேயடியாகக் கூட்டுவது பயனற்றது என்றாயிற்று. இதற்கு மாறாக, சுரப்பி அகற்றப்படாத நோயாளரில், படிமத்திற் தெரியும் கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை கூட்டி அளித்த ஆய்வொன்று நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 571 பேரிடம் நடத்தப்பட்டது. 5 ஆண்டுகளின் பின் நோய் மீளாதிருந்தோர் இம்முறையில் 92 சதவீதத்தினர். வழமையான முறையில் 85 சதவீதத்தினர். துன்பங்கள் கூடவில்லை. சுரப்பி அகற்றப்பட்டபின் மீளும் நோய்க்கும் இம்முடிவை அவ்வாறே பொருத்திவிட முடியாது. ஆயினும், கண்ட இடத்திற் கூட்டுதலும் காணாத இடத்தில் அடக்கி வாசித்தலும் அறிவுக்குப் பொருந்திய வழி என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

படிமம் காட்டாதன

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஒரு கன சென்ரிமீற்றர் அளவான கட்டியில் நூறு மில்லியனுக்கும் ஆயிரம் மில்லியனுக்கும் இடைப்பட்ட கலங்கள் இருக்கக்கூடும். காந்தப் பரிவுப் படிமம் உடலை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்பான துண்டங்களாக நோக்குகின்றது. அத்துண்டத்தினும் சிறிய முடிச்சு, தழும்பின் நிழலில் எளிதில் மறைந்துவிடும். அதிலுள்ள பல இலட்சம் கலங்கள் சுரக்கும் புரதத்தையோ குருதிப் பரிசோதனை கண்டுவிடுகின்றது. எனவே குருதி முந்துகின்றது, படிமம் பிந்துகின்றது.

இங்குதான் முரண்பாடு தோன்றுகின்றது. கதிர்ச்சிகிச்சை பி. எஸ். ஏ. குறைவாக இருக்கும்போதே சிறந்த பயனை அளிக்கும். படிமமோ பி. எஸ். ஏ. கூடிய பின்னரே நோயைத் தெளிவாகக் காட்டும். நோய் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால், அதனைக் குணப்படுத்தக்கூடிய காலம் கடந்துபோகலாம். படிமத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதை நோயில்லை என்று கொள்வது தவறு. கட்டி இன்னும் சிறியது என்பதற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், அதுவே கதிர்ச்சிகிச்சைக்குத் தக்க வேளையாகும்.

படிமம் தவறாக அச்சுறுத்தும் சந்தர்ப்பங்களும் உண்டு. இணைப்பிடத்தைச் சூழ்ந்த நாளப் பின்னல், ஆறிவரும் புண்ணின் இழையம், அகற்றப்படாது எஞ்சிய நலமுள்ள சுரப்பித் துண்டு ஆகியன கட்டியைப் போல் ஒளிர்வதுண்டு. சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்தோருக்குக் கடோலினிய மருந்தைச் செலுத்துவதில் எச்சரிக்கை வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டோர் எல்லோரும் இப்பொறிக்குள் எளிதிற் செல்ல இயலாது.

இன்னொரு படிமம்

சுரப்பித் தளத்துக்கு அப்பால், நிணநீர்க் கணுக்களிலோ எலும்பிலோ நோய் ஒளிந்திருப்பின் காந்தப் பரிவின் துணை மட்டும் போதாது. இதற்குப் பொசித்திரன் உமிழ்வுப் படிமம் பயன்படுகின்றது. புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பிலுள்ள பி. எஸ். எம். ஏ. என்னும் புரதத்தைத் தேடிப் பற்றும் மருந்துடன் கல்லியம் 68 என்னும் கதிரியக்கச் சமதானியை இணைத்துச் செலுத்துவர். கலிபோர்னியாவில் 635 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பி. எஸ். ஏ. 0.5 இலும் குறைவாக இருந்தோரில் 38 சதவீதத்தினரிடமும், 5 அல்லது அதற்கு மேற்பட்டோரில் 97 சதவீதத்தினரிடமும் இப்படிமம் நோயைக் காட்டிற்று. ஆக, அதே முரண்பாடு இங்கும் நிலவுகின்றது.

இவ்விரு படிமங்களையும் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கருதுதல் பொருந்தாது. கல்லியம் கலந்த மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை முழுவதும் ஒளிரும். அதனை ஒட்டிய இணைப்பிடத்திலுள்ள சிறு முடிச்சு அவ்வொளியில் மறைந்துபோகும். அவ்விடத்தைத் தெளிவாகக் காட்டுவது காந்தப் பரிவே. தொலைவில் உள்ளதைப் பொசித்திரன் முறையும் அண்மையில் உள்ளதைக் காந்தப் பரிவும் காட்டுகின்றன எனலாம்.

படிமத்தைக் கொண்டு திட்டமிட்டால் விளைவு உண்மையிலேயே மேம்படுமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 165 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2021 ஆம் ஆண்டில் வெளியான எழுமாற்று ஆய்வு இதற்கு விடை தருகின்றது. வேறொரு மருந்தைக் கொண்ட பொசித்திரன் படிமத்தால் வழிநடத்தப்பட்டோரில் 75.5 சதவீதத்தினர் 3 ஆண்டுகளின் பின்னும் நோய் முன்னேறாதிருந்தனர்; வழமையான படிமங்களை மட்டும் கொண்டு சிகிச்சை பெற்றோரில் 63 சதவீதத்தினரே அவ்வாறிருந்தனர். படிமத்தால் ஒன்றும் காணப்படாதோரின் நிலை யாது? அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பி. எஸ். எம். ஏ. படிமத்தில் ஒன்றும் தெரியாதோருள்ளும், சுரப்பித் தளத்தில் மட்டும் நோய் தெரிந்தோருள்ளும் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மீட்புக் கதிர்ச்சிகிச்சையின் பின் 3 ஆண்டுகள் நோய் முன்னேறாதிருந்தனர். நோய் அதற்கப்பால் தெரிந்தோரில் இது ஏறத்தாழ 45 சதவீதமாகவே இருந்தது. ஒன்றும் தெரியாத நிலை, சிகிச்சை நன்கு பயன்தரும் நிலையே என்பதற்கு இது சிறந்த சான்றாகும். கதிர்ச்சிகிச்சை வேண்டப்படும் நோயாளருக்குப் பொசித்திரன் படிமத்தில் ஒன்றும் தெரியவில்லை என்னும் காரணத்தாற் சிகிச்சையைத் தாமதப்படுத்தலாகாது என ஐரோப்பிய சிறுநீரியற் சங்கத்தின் வழிகாட்டல்களும் கூறுகின்றன.

கதிர்ச்சிகிச்சையின் பின் மீளும் நோய்

சத்திரசிகிச்சை பெறாது, கதிர்ச்சிகிச்சையையே முதற் சிகிச்சையாகப் பெற்றோரிலும் நோய் மீள்வதுண்டு. அவர்களிடம் சுரப்பி இருப்பதால் பி. எஸ். ஏ. முற்றாக மறைவதில்லை, அது தொட்ட மிகக் குறைந்த அளவினும் 2 நனோகிராம் கூடினால் நோய் மீண்டதாகக் கொள்வர். ஒருமுறை கதிர் தாங்கிய நேர்குடலும் சிறுநீர்ப்பையும் இரண்டாம் முறை முழு அளவையும் தாங்கமாட்டா. ஆதலால் மீண்டும் கதிர் செலுத்துவதாயின் கட்டி நிற்கும் இடத்துக்கு மட்டுமே செலுத்துதல் வேண்டும். இங்கு காந்தப் பரிவுப் படிமம் இன்றியமையாதது. அது காட்டிய இடத்திலிருந்து இழையத் துண்டொன்றை எடுத்து நோயை உறுதிப்படுத்துவதும் வழக்கம். முன்னைய கதிர்களாற் சுரப்பி சுருங்கி, முதல்வகைப் படத்தில் முழுவதும் இருண்டு தோன்றும். எனவே இரண்டாவது, மூன்றாவது வகைப் படங்களையே நம்ப வேண்டியுள்ளது.

பொறியும் சமுதாயமும்

மேற்கூறிய ஆய்வுகள் யாவும் செல்வம் படைத்த நாடுகளில் நடந்தவை. அவற்றின் முடிவுகளை நமது நாடு போன்ற நாடுகளிற் கையாளும்போது இன்னொரு வினாவும் எழுகின்றது. காந்தப் பரிவுப் பொறி விலை மிக்கது; அதனை இயக்கவும் படங்களைப் பொருள்கொள்ளவும் பயிற்சி பெற்றோர் வேண்டும். பொறிகள் குறைந்த இடத்தில் நோயாளர் வரிசை நீளும். படிமத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களிற் பி. எஸ். ஏ. ஏறிக்கொண்டே போகுமாயின், துணையாக வந்த கருவியே தடையாகிவிடும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம் என்பது மக்கள் போராடிப் பெற்றுக் காத்துவரும் உரிமை. ஆனால் அவ்வுரிமை காலத்தோடு கிடைக்கும்போதே முழுப் பயன் தரும். பணமுள்ளவர் தனியார் நிலையத்தில் ஒரே நாளிற் படம் எடுத்துக்கொள்ள, ஏழை நோயாளி மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தால், நோயின் முன் இருவரும் சமமல்லர் என்றாகிவிடும்.

2011 ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப்பட்டமையை நாம் அறிவோம். கட்டடமும் பொறியும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றுடன், விலை குறைந்த பரிசோதனையாகிய பி. எஸ். ஏ. சத்திரசிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒழுங்காகச் செய்யப்படுதலும், அதன் பொருள் நோயாளியின் தாய்மொழியில் அவருக்கு எடுத்துரைக்கப்படுதலும் வேண்டும். எண் ஏறுவதை உரிய காலத்தில் அறியாதவருக்கு எத்துணை நவீன பொறியும் பிந்தியே உதவும்.

முடிவுரை

காந்தப் பரிவுப் படிமம் மீட்புக் கதிர்ச்சிகிச்சைக்கு வழிகாட்டும் சிறந்த துணையாகும். நோய் நிற்கும் இடத்தைக் காட்டி, கதிரின் எல்லையையும் அளவையும் திருத்தமாக வகுக்க அது உதவுகின்றது. சுரப்பித் தளத்துக்கு அப்பாற் பரவிய நோயைப் பொசித்திரன் படிமம் வெளிப்படுத்தும்போது, பயனற்ற சிகிச்சையிலிருந்து நோயாளியைக் காக்கவும் முடிகின்றது. ஆனால் சிகிச்சை வேண்டுமா என்னும் வினாவை முதன்மையாகத் தீர்ப்பது குருதியில் ஏறும் எண்ணும், அது ஏறும் வேகமும், நோயின் இயல்புமேயாகும்.

எனவே, ஒன்றுமில்லை என்னும் அறிக்கையைக் கையிற் பெற்ற நமது நோயாளி வீட்டுக்குச் சென்று நோயை மறந்துவிடலாகாது. அஞ்சி ஒடுங்கவும் வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அளவுக்கு நோய் சிறிதாக இருக்கையிலேயே அதனை எதிர்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிருக்கக்கூடும். தமது வைத்தியரிடம் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: என் பி. எஸ். ஏ. எத்தனை மாதங்களில் இரட்டிக்கின்றது, இனியும் காத்திருப்பதால் நான் இழப்பது என்ன?